கோட்டைப் பார்த்து ஓட்டுகிறவன்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறி ஒரு பக்கமாக ஆடுகிறது, ஐயா. ஆள் வைத்துப் பாருங்கள், யார் தலையிலாவது விழுந்துவிடப் போகிறது. எனக்கு இதெல்லாம் சட்டென்று கண்ணில் படும். சாலையில் வெள்ளைக் கோடு போடுகிறவன் நான். நாலு பேர் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் பிழைப்பு.

என் தங்கையைக் கொன்றவன் ஒரு லாரிக்காரன். ஒரு வளைவில் பஸ்ஸை முந்தப் போய், எதிரே ஸ்கூட்டரில் வந்தவளை அடித்துத் தூக்கினான். கோர்ட்டில் நின்று, "கோடு விட்டு விட்டுத்தாங்க இருந்துச்சு. முந்தலாம்னுதானே அர்த்தம்? நான் கோட்டப் பாத்து ஓட்டுறவன்" என்றான். அங்கே இருந்தது முழுக்கோடு. முந்தக் கூடாது என்று அர்த்தம். தேய்ந்து திட்டுத் திட்டாகக் கிடந்ததால் அவனை விட்டுவிட்டார்கள். வெளியே வந்தவன் என் அம்மாவிடம், "அவ நேரம் சரியில்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கோட்டைப் பார்த்து ஓட்டுகிறவனுக்குக் கோடுதானே கொடுக்க வேண்டும்? அவன் தினமும் ஜல்லி ஏற்றிப் போகும் மலைப்பாதையில், எதிரே வருவது தெரியாத வளைவு ஒன்று உண்டு. அங்கே முழுக்கோட்டின் மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்து, விட்டு விட்டுப் புதுக்கோடு போட்டேன். பட்டப்பகலில்தான். ஆரஞ்சுச் சட்டையும் சாலையில் வைக்க நாலு கூம்பும் இருந்தால் ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் காவலர் ஒருவரே வண்டிகளை நிறுத்தி ஒத்தாசை செய்தார்.

"இந்த வெயில்ல ஏண்ணே உசிர விடுறீங்க?"

"எல்லாம் ஜனங்களுக்காகத்தான் தம்பி."

சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது. ராத்திரியிலும் பளிச்சென்று தெரியக் கண்ணாடித்தூள்கூடத் தூவினேன். வேலையில் நான் குறை வைப்பதில்லை.

அந்த வாரமே முந்தினான். எதிரே ஸ்கூட்டரில் ஒரு பெண். அவளைத் தப்பவிடத்தான் ஸ்டியரிங்கை ஒடித்தானாம். என் தங்கைக்கு அப்படி ஒடிக்கவில்லை. ஒடித்தும் அவளையும் இழுத்துக்கொண்டுதான் பள்ளத்தில் விழுந்தான். அவன் செத்தான் என்று கேட்டதும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன்.

நீங்கள் திரும்பத் திரும்ப அந்தப் பெண்ணைப் பற்றியே கேட்கிறீர்கள். அவள் யாரோ, எவரோ. அவளுடைய அண்ணன் வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருக்கிறான் என்கிறீர்கள். வரச் சொல்லுங்கள், ஐயா. தங்கையைப் பறிகொடுத்தவன் மனசு எனக்குத் தெரியாதா? பக்கத்தில் உட்காரவைத்துப் பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன். முந்தினது லாரிக்காரன். நான் கோடு மட்டும்தான் போட்டேன். அவ நேரம் சரியில்ல, தம்பி.