தட்டைத் திறந்த என் அத்தை

இந்த மாலை விழாவுக்குத் தலைமை தாங்கி, என்னைப் பேச அழைத்துவிட்டு, "சுருக்கமா முடிம்மா, படம் பாக்கணும்" என்று காதோடு கட்டளையும் இட்ட பெரியவர் கசோண்டே அவர்களே! பூமியின் வயிற்றில் இறங்கிச் செம்பு வெட்டி, கிட்வே நகரத்தை நிமிர்த்தி வைத்த மூத்தோர்களே! களி கிளறிய கையோடும் முதுகில் கட்டிய குழந்தையோடும் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சன்னலில் தொற்றி நிற்கும் தம்பிகளே! முதல் வரிசையை முழுதாக ஆளுகிற என் அத்தையே! உங்கள் அனைவருக்கும் தக்காளிக்காரி கட்டோங்கோ முழங்கால் மடக்கிக் கைதட்டி வணக்கம் சொல்கிறேன்.

"வாசலில் தட்டு" படத்தை எப்படி எடுத்தோம் என்று சொல்லச் சொன்னார்கள். எப்படியா? கல்யாண வீடியோ எடுக்கும் கபாசோ, கல்யாணம் இல்லாத நாட்களில் எடுத்தார். சந்தையில் கடை கட்டிய பிறகு நான் நடித்தேன். மினிபஸ் நடத்துநர் சிசெங்கா ஒரு நடைக்கும் மறு நடைக்கும் நடுவே ஓடி வந்து காதல் வசனம் பேசினான். பாதி வசனத்தில் ஓட்டுநர் ஆரன் அடிப்பார்; காதலைக் காற்றில் விட்டுவிட்டு ஓடுவான். சிரிக்கிறீர்கள். எங்களுக்கு அன்று அழுகை வந்தது!

கதையில் சிசெங்கா எனக்காகத் தட்டு அனுப்ப வேண்டும். தட்டைப் பற்றி உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்? இரண்டு வெள்ளைத் தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து, நடுவே அடையாளப் பணம். தூதுவர் கொண்டுவந்து வைப்பார். பெண்ணின் அத்தை திறந்து பார்த்து வீட்டுக்குள் எடுத்துப் போனால், பெண் நிச்சயம்.

அன்றைக்கென்று பார்த்து, அத்தையாக நடிக்க வேண்டிய அம்மாள் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டார். கபாசோ சுற்றுமுற்றும் பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்த என் சொந்த அத்தை சுவரோரம் முன்கோயோ பானம் குடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, கொஞ்சம் வந்து உக்காருங்களேன்."

"நானா? எனக்கு என்னப்பா நடிக்கத் தெரியும்?"

"நடிக்கவே வேண்டாம். எப்பவும் செய்றதையே செய்யுங்க."

அவர் சொன்னதும் அதுதான். என் அத்தை செய்ததும் அதுதான்! படம் எடுத்த வீடு என் அப்பா வீடு. தூதுவராக நடித்தவர் யார்? இந்தப் பேட்டையின் பாதிக் கல்யாணங்களுக்கு உண்மையாகவே தூது போன சாம்பா பெரியவர். அத்தை தட்டைத் திறந்தார், பார்த்தார், மூடினார், உள்ளே எடுத்துப் போனார். கபாசோ "கட்!" என்று குதித்தார். "தட்டைக் குடுங்க அத்தை, அடுத்த காட்சிக்கு வேணும்."

"கட்டாவது கிட்டாவது! பொண்ணைக் குடுத்தாச்சு. தட்டு இனி எங்க வீட்டுது."

விளையாட்டென்று நினைத்தோம். மறுநாள் காலையில் அத்தை சிசெங்காவின் அம்மா வீட்டில் உட்கார்ந்து கல்யாண நாள் பேசிக்கொண்டிருந்தார். அவன் என் கடைக்கு ஓடி வந்தான். "அக்கா, காப்பாத்துங்க! எனக்கு ஆள் இருக்கு. அவ கேள்விப்பட்டா என்னை உயிரோட விடமாட்டா."

நிச்சயமான மாப்பிள்ளை என்னை அக்கா என்கிறான்! ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிச்சயமான பெண் வீட்டுக்குள் அமர்ந்து மூத்த பெண்களிடம் இல்லறப் பாடம் கேட்க வேண்டும். காமிராவின் முன் நிற்கக் கூடாது. படம் பாதியில் நின்றது. என் வாழ்க்கையில் நானாக ஆசைப்பட்டுத் தொட்ட முதல் காரியம் அது. அது செத்துவிடுமோ என்று தக்காளிக் கூடையில் முகம் புதைத்து அழுதேன். அழுது முடித்ததும் ஒரு முடிவு எடுத்தேன்: இந்தப் படத்தை விடமாட்டேன்!

இரு வீட்டாரும் கூடினார்கள். கபாசோ கெஞ்சினார். சாம்பா பெரியவர் தலையைச் சொறிந்தார். "நான் நடிச்சேனா, தூது போனேனான்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

அத்தை எழுந்தார். "எத்தனை பொண்ணுங்களுக்குத் தட்டைத் திறந்த கை இது! இது விளையாட்டுக்குத் திறக்கும்னு ஆயிட்டா, நாளைக்கு எவன் நம்புவான்? எந்தப் பொண்ணுக்கு நான் போய் நிப்பேன்?"

அவையோரே, அதில் பொய் உண்டா? இல்லை! என் அத்தை பிடிவாதக்காரி அல்ல, தன் கைக்கு மதிப்பு வைத்தவர். அது புரிந்த பிறகே எனக்கு வாய் திறந்தது.

"உங்க கை பொய் சொல்லாது அத்தை. ஒத்துக்கறேன். ஆனா திறக்கறதுக்கு முன்னாடி அத்தை உள்ளே வந்து பொண்ணைக் கேக்கணுமே. என்னைக் கேட்டீங்களா?"

அத்தை கபாசோவின் பக்கம் திரும்பினார். "கதையில அது ஏன்டா இல்லை?"

"அப்படி ஒண்ணு நடக்கும்னே தெரியாது அத்தை. நான் எப்பவும் ஆம்பளைங்களோட வாசல்லயே நின்னு படம் புடிச்சவன்."

எத்தனை கல்யாணங்கள் எடுத்தவர்! வாசல்வரை எல்லாம் தெரியும்; உள்ளறையில் நடப்பது தெரியாது. அத்தை உட்கார்ந்து சொன்னார்: "கேக்காம திறந்தது செல்லாது."

சிசெங்கா துள்ளிக் குதித்தான். "அடேய், அவ்வளவு சந்தோஷமா உனக்கு?" என்று ஒரு குட்டு வைத்தேன்!

அத்தை விடவில்லை. "என் கை அரைகுறையா நிக்கக் கூடாது. மறுபடியும் எடு. இந்தத் தடவை கேப்பேன்."

உள்ளறைக்கு ஆண்கள் வரக் கூடாதே! கபாசோவின் மனைவி காமிராவைப் பிடித்தார். படத்தில் அந்த இடம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். கதைப்படி நான் தலைகுனிந்து சம்மதம் காட்ட வேண்டும். அத்தை என் எதிரே மண்டியிட்டார்.

"கட்டோங்கோ, வாசல்ல தட்டு வந்திருக்கு. திறக்கட்டுமா?"

தாய்மார்களே, உங்களையும் கேட்டிருப்பார்கள். என்ன சொன்னீர்கள்? தலையைக் குனிந்தோம்! பெண்ணைக் கேட்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பெண் பதில் சொல்லும் வழக்கம்தான் இல்லை! அத்தையின் கண்ணைப் பார்த்தேன். அது நடிப்பில்லை. அவர் நிஜமாகவே காத்திருந்தார். அந்தக் கண்ணுக்கு முன் என்னால் பொய்யாகக் குனிய முடியவில்லை.

"வேண்டாம் அத்தை" என்றேன்.

கதையில் இல்லாத சொல்! அத்தை எழுந்து போனார். மூடிய தட்டைத் தூதுவர் பக்கம் நகர்த்தினார். "எங்க பொண்ணு வேண்டாங்குது. தண்ணி குடிச்சிட்டு எடுத்துட்டுப் போங்க."

கபாசோ தலையில் கைவைத்தார். "முழுக் கதையும் கல்யாணத்தைப் பாத்து ஓடிட்டிருக்கே!"

"திருப்பி ஓட்டு" என்றார் அத்தை. ஓட்டினோம்! எடுத்ததை எறிந்தோம், எறிந்ததை எடுத்தோம், பழுதான ஒலிவாங்கியைப் பசை போட்டு ஒட்டினோம், முடித்தோம்! இதோ, உங்கள் முன் நிற்கிறோம்!

பெற்றவர்களே, பெண்ணைக் கேளுங்கள்! கேட்டால் காத்திருங்கள்! பதில் பிடிக்காவிட்டாலும் காதில் வாங்குங்கள்! பெண்களே, கேட்டால் நிமிர்ந்து பதில் சொல்லுங்கள்! வேறெதற்காக நாங்கள் இந்தப் பாடுபட்டோம்?

இன்று மதியம் எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு வந்தது. இது நிஜத் தட்டு, என் தங்கைக்கு. அத்தை உள்ளே போய்க் கேட்டார். அவள் "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். அத்தை வெளியே வந்து, "பொண்ணு யோசிக்குது, உக்காருங்க" என்றார். தூது வந்த சாம்பா பெரியவரை இந்த அரங்கில் தேடாதீர்கள். அவர் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

காத்திருக்கக் கற்றுக்கொண்ட அவருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்!