மறியல் செய்து வாங்கிய வேகத்தடை

குளச்சல் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். பக்கத்து இருக்கையில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவள் சொன்னாள்: "நாம மறியல் செய்து வாங்கின வேகத்தடையிலதான் எனக்க தாலிச் செயின் போச்சு."

"எப்பிடிட்டி?"

"தடையில ஸ்கூட்டிய மெதுவாக்கினேன். பைக்குல வந்தவன் அறுத்துட்டுப் போயிட்டான். இப்போ மாப்பிள உயிரோட இருக்கும்பமே வெறுங்கழுத்து."

"அப்போ தடைய எடுக்கச் சொல்லுவோம்."

"எடுப்பியா? கல்லு லாரி எனக்க மாப்பிளைக்க காலைக் கொண்டுபோன பொறவுதான் அதப் போட்டானுவ. ஸ்கூல் பிள்ளையளு அதுலதான் ரோட்டக் கடக்குது. தடை கிடக்கட்டும். போலீசு வந்து நிக்கட்டும்."

"ஹெல்மெட் போடாதவனப் பிடிக்கவே அவனுவளுக்கு நேரம் பத்தல."

"அப்போ மறுபடியும் மறியலுதான்."

பஸ் அந்தத் தடையில் ஏறியது. மற்றவளின் கை தன் செயினைப் பொத்தியது. இவள் சன்னல் வழியாக ஒவ்வொரு பைக்குக்காரன் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.