விலகல் படிவத்தோடு வந்தவளின் வரவேற்புரை

நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, காலை முதல் எங்கள் பேச்சையெல்லாம் பொறுமையோடு கேட்டுக்கொண்டு இந்த அவைக்குத் தலைமை தாங்கும் துணைவேந்தர் அவர்களே! அறிந்ததை அள்ளித் தரும் பேராசிரியப் பெருமக்களே! பிள்ளையின் பெட்டியைச் சுமந்து வந்து, பிரிய மனமின்றிப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே! கழுத்தில் புது அடையாள அட்டையும் கண்ணில் கொஞ்சம் கலக்கமுமாக வந்திருக்கும் முதலாண்டு மாணவச் செல்வங்களே! உங்கள் எல்லோரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

நான் மேடையேறும்போது முன்வரிசைத் தங்கை ஒருத்தி, “இவங்க எந்தப் பாடம் எடுக்கறாங்க?” என்று பக்கத்தில் கேட்டது என் காதில் விழுந்தது. நான் எந்தப் பாடமும் எடுக்கவில்லை, தங்கையே! நானும் உன்னைப் போல் மாணவிதான். வயது நாற்பத்தொன்று. வேதியியல், மூன்றாம் ஆண்டு. காலையில் பேருந்து நடத்துநர், பிற்பகலில் மாணவி. சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். முதல் நாள் வாசற்காவலரும் என்னைப் பார்த்துச் சிரித்துத்தான் சொன்னார்: “அம்மா, பெத்தவங்களுக்குக் கூட்டம் மாடியில. சீக்கிரம் போங்க, ஆரம்பிச்சுட்டாங்க.”

போனேன். இல்லை என்று சொல்ல நா எழவில்லை. பிள்ளையைப் பிரிந்து மனந்தளராமல் வாழ்வது எப்படி என்று ஒரு மணி நேரம் உருக்கமாகப் பேசினார்கள். பக்கத்து நாற்காலி அம்மா கண்ணீர் வடித்தார். நானும் கைக்குட்டையை எடுத்தேன். எந்தப் பிள்ளைக்காக அழுவது? சேர்ந்த பிள்ளை நானே அல்லவா!

சிரித்தது போதும், இனிமேல் வருவது சிரிப்பல்ல. நான் மாடியில் இருந்த அதே நேரத்தில்தான், கீழே புதிய மாணவர்களுக்குக் கணினியில் பாட வேலைகளை அனுப்பும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். அதை நான் தவறவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? வெட்கம்! பதினாறு ஆண்டுகள் ஊரையே ஏற்றி இறக்கியவள், ஒரு பொத்தானை எங்கே அழுத்துவது என்று பதினெட்டு வயதுப் பெண்ணிடம் கேட்பதா என்ற வெட்கம்!

மூன்றாவது வாரம், ஆய்வக அறிக்கையைக் கையால் எழுதி, கைப்பேசியில் படமெடுத்து, நானே தட்டுத்தடுமாறி அனுப்பினேன். மறுநாள் ஆசிரியர் ஒவ்வோர் அறிக்கையாகத் திரையில் காட்டி விளக்கினார். என் முறை வந்தது. திரையில் என்ன தெரிந்தது, தெரியுமா? எங்கள் பணிமனையின் பணிநேர அட்டவணை! நான் அனுப்பியது வேறு படம்! வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு குரல், “அடுத்த வண்டி எத்தனை மணிக்கு?” என்றது. ஆசிரியர் அதட்டி அடக்கினார். ஆனால் என்ன? அன்றைக்கே முடிவு செய்தேன். போதும்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அதோ, மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறாரே, அவரேதான். அவர் தடுக்கவில்லை. “விடணும்னா விடு. ஆனா சேர்க்கைக் கடிதம் வந்த அன்னைக்கு உன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்” என்றார்.

செவ்வாய்க்கிழமை. விலகல் படிவத்தோடு மாணவர் துணை மையத்துக்கு ஓடினேன். நூலகத்தின் பின்புறம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஓர் அறை. மூன்று நாற்காலிகள், ஒரு மேசை, தாறுமாறாய்க் கோப்புகள். மணி ஐந்தாகப் பத்து நிமிடம். ஐந்துக்குப் பூட்டு. மேசைக்குப் பின்னால் ஆலோசகர் அம்மா. படிவத்தை வாங்கிப் படித்தார். காரணம் என்ற கட்டத்தில் நான் ‘கணினி’ என்று எழுதியிருந்தேன்.

“கணினி உங்களை என்னங்க பண்ணிச்சு?”

நான் கைப்பையின் வாரைத் திருகினேன்.

“வேதியியல் புடிக்கலையா?”

“புடிக்கும்.”

“புரியலையா?”

“புரியுது.”

“அப்புறம்?”

“எல்லாரும் என்னை வேடிக்கை பாக்கறாங்கம்மா” என்றேன். பேருந்தில் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியும் கலங்காத கண்கள் அங்கே நிறைந்துவிட்டன. காவலர் சாவியோடு வந்து நின்றார். “கொஞ்சம் பொறுங்க அண்ணே” என்று அவரை அனுப்பிவிட்டு, அந்த அம்மா சொன்னார்: “விலக வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. படிவம் உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு மூணு நாள் கொடுங்க.”

மூன்று நாளில் என்ன செய்தார்? மந்திரம் போட்டாரா? மாயம் செய்தாரா? இல்லை! பணிமனை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டு மணிக்கு முடிந்த என் பணி ஒரு மணிக்கு முடியும்படி மாறியது. ஆய்வகத்துக்கு அரைமணி தாமதமாக ஓடிவந்து மூச்சிரைத்தவள், அமைதியாக நடந்து வந்தேன். பிறகு, இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியை எனக்குத் துணையாக அனுப்பினார். வாயாடி! முதல் நாளே, “அக்கா, இதுக்குப் பேரு மவுஸ்தான், நிஜ எலி இல்ல. இவ்ளோ இறுக்கிப் புடிச்சா செத்துடும்” என்றாள்.

அவளிடம் கேட்டேன்: “உனக்கு எல்லாம் சுலபமா வந்துருச்சு, இல்ல?”

அவள் சிரிப்பு நின்றது. “சேர்ந்த புதுசுல ஒரு மாசம் யாருமே என்கூடப் பேசலக்கா. தனியா உக்காந்து சாப்பிடறத யாரும் பாத்துடக் கூடாதுன்னு, கழிவறைக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள நின்னு சாப்பிட்டேன். இந்த அறைக்கு வந்தப்புறம்தான் மேசையில சாப்பிட்டேன்.”

அரங்கம் அமைதியாகிவிட்டது. இருக்கட்டும். இப்போது இங்கே அமர்ந்திருப்பவர்களில் யார் நாளை கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

வெள்ளிக்கிழமை வந்தது. ஆய்வகத்தில் ஒரு கரைசலின் நிறம் மாறும் கணத்துக்காகச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு சொட்டு! குடுவை முழுதும் இளஞ்சிவப்பு! வெளியே வந்து மணி பார்த்தால் ஐந்தரை. படிவம் கைப்பையிலேயே இருந்தது. கொடுக்க மறந்தே போனேன்!

கைதட்டலுக்கு நன்றி. ஆனால் முதல் தேர்வில் கணிதத்தில் தோற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுபடி எழுதினேன், வென்றேன். சென்ற ஆண்டு முதல் அதே அறையில் நானும் ஒரு துணை மாணவி.

அந்த உரிமையோடு ஒன்று கேட்கிறேன். சென்ற பருவத்தில், சலவைக் கடையில் வேலை செய்துகொண்டே படித்த ஒரு மாணவர், வேலை முடித்து எங்கள் அறைக்கு ஓடி வந்தார். ஐந்தேகால். பூட்டு. மறுநாள் வந்தார். பூட்டு. மூன்றாம் நாளும் பூட்டு. நான்காம் நாள் அவர் வரவேயில்லை, படிப்பையே விட்டுவிட்டார். கதவுக்கடியில் அவர் தள்ளிவிட்டுப் போன துண்டுச் சீட்டை, எனக்குப் பேருந்துப் பணி இல்லாத ஒரு காலையில் நான்தான் எடுத்தேன். “நாளைக்கு வரட்டுமா?” என்று மட்டும் எழுதியிருந்தது. பெயரும் இல்லை, தொடர்பு எண்ணும் இல்லை; இவ்வளவும் பிறகு காவலர் சொல்லித் தெரிந்ததுதான். எங்கே போய்த் தேடுவது?

துணைவேந்தர் அவர்களே! அந்த அம்மா அன்று சாவியைத் தடுத்து நிறுத்தியதால் நான் இங்கே நிற்கிறேன். ஒருவரின் நல்ல மனத்தை நம்பியா ஒரு பல்கலைக்கழகம் இருப்பது? உழைத்துக்கொண்டு படிப்பவன் ஐந்து மணிக்கு முன் எப்படி வருவான்? அந்த அறைக்குப் பெயர்ப்பலகை வைத்தீர்கள், பாராட்டுகிறோம். பணியாளரை வைத்தீர்கள், பாராட்டுகிறோம். பூட்டை மட்டும் ஏழு மணிக்குத் தள்ளி வையுங்கள்! மாலை நேரத்துக்குத் துணை மாணவர்கள் பதினொரு பேர் கையெழுத்திட்டுத் தந்திருக்கிறோம். இதோ அந்தத் தாள். உங்கள் பதிலை வாங்காமல் நான் இறங்க மாட்டேன்.

என்ன ஐயா? ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், பின்வரிசைக்கும் கேட்கட்டும்… “திங்கட்கிழமையிலிருந்து” என்கிறார்! கேட்டதா? திங்கட்கிழமையிலிருந்து! அங்கே ஆலோசகர் அம்மா எழுந்து நின்று கண்ணாடியைத் துடைக்கிறார். அவருக்காகத் தட்டுங்கள், எனக்காக அல்ல!

மாணவச் செல்வங்களே, நூலகத்தின் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். கேட்க வெட்கமாக இருந்தால், வெட்கத்தோடே வந்து கேளுங்கள். இவ்வளவு நேரம் ஒரு நடத்துநரின் குரலுக்குக் காது கொடுத்த உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. படிப்பு நிறைவேறட்டும். வணக்கம்!