நாலாவது லைன்

இல்ல, அத அமுக்காத. அது சிவப்பு பட்டன், கான்ஃபரன்ஸ் கால் மொத்தமா கட்டாயிடும். அஞ்சு ஊர்க்காரங்களும் அந்தரத்துல நிப்பாங்க, நம்ம ஆபீஸ் பெரியவரு உன்னப் பாப்பாரு. திட்ட மாட்டாரு. பாப்பாரு, அவ்வளவுதான். அதுக்குத் திட்டே தேவல.

மொதல்ல உக்காரும்மா, நின்னுக்கிட்டே கத்துக்கற விஷயமில்ல இது. மூணு மணிக்குத்தான கால், இன்னும் ஒன்னேகால் மணி நேரம் இருக்கு.

இந்த ஃபோன நாங்க நண்டுன்னுதான் சொல்லுவோம். உண்மையான பேரு அடியில நீளமா எழுதியிருக்கு, யாரு கவுத்துப் போட்டுப் படிக்கறது. மேசை நடுவுல காலப் பரப்பிக்கிட்டு உக்காந்திருக்கில்ல, அதான் நண்டு. ஒவ்வொரு கால் நுனியிலயும் ஒரு மைக். பன்னெண்டு பேரு சுத்தி உக்காந்தாலும் எல்லாரையும் வாங்கிடும். வாங்கக் கூடாததையும் வாங்கும். இதுக்குப் பக்கத்துல நீ பேப்பரப் பொரட்டினா அந்தப் பக்கம் மரம் முறியற மாதிரி கேக்கும். டீ கப்ப வச்சா இடி. ஒரு தடவ நம்ம கணக்காளர் ஐயா, பக்கத்துல இருந்தவரு காதுல, இந்தாளு எப்பதான் முடிப்பான்னு கேட்டாரு. எல்லா ஊரும் கேட்டுச்சு. அங்க பேசிட்டிருந்த அந்தாளும் கேட்டாரு. அதுலேருந்து ஐயா இந்த ரூமுக்கு வந்தா விரதம் இருக்கற மாதிரி வாயக் கட்டிக்கிட்டு உக்காருவாரு.

அதுக்குத்தான் இந்த மைக் படத்துக்குக் குறுக்க கோடு போட்ட பட்டன். நம்ம பக்கத்து சத்தத்த அடைக்கும். இத அமுக்கிட்டு நீ ஊர்க்கதை பேசலாம். ஆனா விளக்கு எரியுதான்னு ரெண்டு தடவ பாரு. கைய நம்பாத, கண்ண நம்பு.

இது நிறுத்தி வைக்கறது. இது சத்தம் கூட்ட, கொறைக்க. புது ஆள சேக்கணும்னா இத ஒரு தடவ அமுக்கி, நம்பரப் போட்டு, மறுபடி இதையே அமுக்கணும். செஞ்சு பாரு. ம், அவ்வளவுதான். நீ கெட்டிக்காரிதான். எனக்கு இதுக்கே ஒரு வாரம் ஆச்சு.

இந்த வரிசையில ஆறு பட்டன் இருக்கில்ல, ஊருக்கு ஒண்ணு. பச்சை எரிஞ்சா லைன்ல இருக்காங்க. பச்சையா இருக்கறப்ப ஒரு தடவ அமுக்கினா சிவப்பாயிடும். அவங்க பக்கம் அடைச்சாச்சுன்னு அர்த்தம். நம்ம பேசறது அவங்களுக்குக் கேக்கும், அவங்க பேசறது யாருக்கும் கேக்காது. சிவப்பு மினுக் மினுக்குன்னு வெட்டினா, அங்க யாரோ பேசிட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

ஆமா, கேக்காதுதான். பேசறாங்கன்னு மட்டும் தெரியும்.

நாலாவதுக்கு ஏன் பேரு இல்லன்னா? அதுல பேரு ஒட்டியிருந்துச்சு, நான்தான் பிச்செடுத்தேன். அந்த ஊர் ஆபீஸ மூடிட்டாங்க. அஞ்சு மாசம் ஆச்சு.

நீ கேட்டல்ல, பதினோரு வருஷமா இருந்த சீட்ட விட்டுட்டு எதுக்குக் கீழ ஃபைல் ரூமுக்கு எழுதிக் குடுத்தீங்கன்னு. யாரும் தள்ளல, நானாத்தான் கேட்டேன்.

தெனமும் எட்டு அம்பதுக்கு லைன் டெஸ்ட் உண்டு, அதுவும் இனிமே உன் வேலைதான். ஒவ்வொரு ஊரா கூப்பிட்டு, கேக்குதான்னு கேக்கணும். கேக்குது, ஓகேன்னு வச்சிடுவாங்க. நாலாவது ஊர்ல மட்டும் ஒரு அண்ணன் எடுப்பாரு. அங்க சரக்கு அனுப்பற பிரிவு பாத்துக்கிட்டிருந்தாரு. அவருக்கு நான் மெயின் லைனு. எனக்கு அவரு நாலாம் நம்பரு. என்ன மெயின் லைனு, அங்க மழையாம்மா, குடை எடுத்துட்டு வந்தியாம்பாரு. அவங்க நண்டுக்கு ஒரு கால் ஒடஞ்சு போச்சு, ரப்பர் ஸ்டாம்ப் டப்பாவ முட்டுக் குடுத்து வச்சிருந்தாரு. முட்டுல நிக்கறது இது மட்டுமில்லம்மா, இந்த ஆபீஸேதான்னு சொல்லுவாரு. அவரு பொண்ணு எந்தப் பாடத்துல எவ்வளவு வாங்குச்சு, அவரு வீட்டம்மாவுக்கு முழங்கால் எப்படியிருக்கு, எல்லாம் எனக்குத் தெரியும். ரெண்டு நிமிஷந்தான் பேசுவோம். பதினோரு வருஷத்துக்கு ரெண்டு ரெண்டு நிமிஷமா சேத்துப் பாரு.

நேர்லயா? பாத்ததேயில்ல. ஃபோட்டோ கூட இல்ல. ஒரு தடவ இங்க வர்றதா இருந்தாரு, அன்னைக்குன்னு பாத்து வெள்ளம், பஸ் ஓடல.

எங்கப்பா போயி, பதினாறு நாள் கழிச்சு நான் வந்து இதே நாற்காலியில உக்காந்தேன். யாருகிட்டயும் மூஞ்சி குடுக்காம உள்ள வந்து மொத அஞ்சு... இல்ல, மூணு ஊரு முடிச்சிட்டேன். நாலாவது அவரு. ஹலோன்னேன். அந்த ஒரு ஹலோதான். அப்புறம் சொன்னாரு, மெயின் லைனு, இன்னைக்கு எங்க மைக்குல ஏதோ கோளாறும்மா, டெஸ்ட் கொஞ்சம் நேரமெடுக்கும், நீ பாட்டுக்கு லைன்ல இருன்னாரு. ஒண்ணும் கேக்கல. அங்க ஃபேன் ஓடற சத்தம் மட்டும் வந்துச்சு. நான் இந்த மேசைமேல தலையக் கவுத்து வச்சு, பத்து நிமிஷம், அழுது முடிச்சேன். அப்புறம், சரியாயிடுச்சு போலயிருக்கேன்னாரு. வச்சிட்டாரு. அதப் பத்தி மறுநாள் கூடப் பேசினதில்ல.

தண்ணி குடிக்கறியா? எனக்கு வேணாம்.

அஞ்சு மாசத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு மூணு மணி கால். என்ன விஷயம்னு எனக்குச் சொல்லல. உனக்கும் சொல்லியிருக்க மாட்டாங்க. பெரியவரு ரெண்டு பக்கம் டைப் பண்ணிக் கொண்டு வந்தாரு. எங்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். மொதப் பக்கம் முடிஞ்சதும் நான் விரலத் தூக்குவேன், எல்லா லைனையும் அடைச்சிடு, யாரும் நடுவுல பேசக் கூடாது. சரிங்க சார்னேன். வழக்கமா சொல்றதுதான அது.

மொதப் பக்கத்துல நாலாவது ஊர் ஆபீஸ மாசக் கடைசியோட மூடறோம்னு இருந்துச்சு. முப்பத்தோரு பேரு. படிச்சு முடிச்சாரு, விரலத் தூக்கினாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு அடைச்சேன். அஞ்சு, ஆறு அடைச்சேன். நாலாவத கடைசியா வச்சுக்கிட்டேன், ஏன்னு தெரியல. அதுக்குள்ள அந்த அண்ணன் குரலு வந்துச்சு. கத்தல. காலையில பேசற அதே குரலு. மெயின் லைனு, அடைச்சிடாதம்மா, ரெண்டே வார்த்தை பேசிடறேன்னாரு.

பெரியவரு என்னப் பாத்தாரு.

அமுக்கிட்டேன்.

யோசிச்சு அமுக்கியிருந்தா கூடப் பரவால்லம்மா. வேல போயிடும்னு பயந்தேன், வீட்ல கஷ்டம்னு நெனச்சேன், இப்படி ஏதாவது சொல்லிக்கலாம். ஒண்ணும் நெனக்கல. பாத்தாரு, கை போச்சு. அவ்வளவுதான்.

அப்புறம் பெரியவரு ரெண்டாவது பக்கம் படிக்கறாரு. சாவிய யாருகிட்ட ஒப்படைக்கணும், மேசை நாற்காலிய எந்த லாரியில ஏத்தணும். இங்க நாலாவது விளக்கு மினுக் மினுக்குன்னு வெட்டுது. நாலு நிமிஷம். நடுவுல நிக்கும், முடிச்சிட்டாரு போலன்னு நெனப்பேன், மறுபடி வெட்டும். அடைச்சது அவருக்குத் தெரியுமோ என்னவோ. ரெண்டு வார்த்தைன்னாரு, நாலு நிமிஷம் பேசினாரு. என் விரலு பட்டனுக்குப் பக்கத்துலயேதான் இருந்துச்சு. இன்னொரு தடவ தொட்டா பச்சையாயிடும். பெரியவரு குனிஞ்சு படிச்சிட்டிருந்தாரு, பாக்கக் கூட இல்ல. நான் தொடல.

கால் பதிவாகுமான்னா, ஆகும். ஆனா அடைச்ச லைன் பதிவாகாது. நான் கேட்டுப் பாத்துட்டேன்.

மறுநாள் எட்டு அம்பதுக்குக் கூப்பிட்டேன். அவருதான் எடுத்தாரு. கேக்குதான்னேன். கேக்குது, ஓகேன்னு வச்சிட்டாரு. மத்த அஞ்சு பேரு மாதிரியே. மாசக் கடைசி வரைக்கும் அப்படித்தான். கேக்குது, ஓகே. ஒரு கோவமாவது பட்டிருக்கலாம். அப்புறம் ஒரு நாள் மணி அடிச்சிக்கிட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கல.

ஃபோன் பண்ணியிருக்கலாமேன்னா, பண்ணினேம்மா. அவரு வீட்டு நம்பர் இருந்துச்சு. மூணு தடவ. அவரு ஹலோம்பாரு, நான் வச்சிடுவேன். ஃபோன்லயே பொழப்ப ஓட்டறவ, பாரு.

போன மாசம் அந்த ஊர் ஆளுங்க ஃபைலெல்லாம் இங்க வந்துச்சு. அதுல விலாசம் இருந்துச்சு. லீவு போட்டுட்டு நாலு மணி நேரம் பஸ்ல போனேன். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டேன். அண்ணே, மன்னிச்சிடுங்க. அப்புறம், என்ன சொல்ல வந்தீங்கன்னு கேக்கணும். அவ்வளவுதான் என் திட்டம்.

கதவத் தட்டினேன். அவருதான் தொறந்தாரு. நான் மனசுல நெனச்சதவிட சின்ன ஆளு. பகல் பதினோரு மணி, சட்டைய மடிச்சு உள்ள விட்டு, பெல்ட்டு, காலுல ஷூ எல்லாம் போட்டிருக்காரு. எங்கயும் கெளம்பற மாதிரி இல்ல. உள்ள ஒரு நாற்காலி, அதுல உக்காந்திருந்து எழுந்து வந்திருக்காரு. அவ்வளவுதான். யாரும்மா வேணும்னாரு.

ஒரு ஹலோவுலயே கண்டுபிடிக்கற மனுஷன். நான் வாயத் தொறந்தா போதும், அடுத்த நொடி தெரிஞ்சிடும். தெரியட்டும்னுதான போனேன். அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு அப்படியே நிக்கறேன். மறுபடி கேட்டாரு, இந்தத் தடவ மெதுவா, கைய ஆட்டி ஆட்டி. அப்புறம் உள்ள திரும்பி வீட்டம்மாகிட்ட சொன்னாரு, பாவம், வாய் பேச முடியாத பொண்ணு போல, வழி தப்பி வந்திருக்கு, கொஞ்சம் தண்ணி கொண்டாம்மான்னு.

நான் ஆமான்னு தலையாட்டினேன்.

தண்ணி குடிச்சேன். பையிலேருந்து காலையில வந்த டிக்கெட்ட எடுத்துக் காட்டினேன். ஊர் பேரப் படிச்சிட்டு, அடேயப்பா, எங்க மெயின் ஆபீஸ் இருக்கற ஊராச்சேன்னாரு. எங்க ஆபீஸுன்னுதான் சொன்னாரு, இன்னமும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்து வந்தாரு. கால் மணி நேர நடை. ரோடு தாண்டறப்ப கையப் புடிச்சிக்கிட்டாரு. கண்டக்டர்கிட்ட, இந்தப் பொண்ணால பேச முடியாது, பத்திரமா எறக்கி விடுங்கன்னு சொல்லி, அவரு பையிலேருந்தே டிக்கெட்டும் எடுத்துக் குடுத்தாரு. பஸ் கெளம்பற வரைக்கும் ஜன்னலுக்குக் கீழயே நின்னாரும்மா, வெயில்ல.

ஒரு வார்த்தை பேசல நான்.