நாலாம் காலின் தேய்மானம்

பெயரும் முகவரியும் முதல் பக்கத்தில் எழுதப்பட்டுள்ளன. வயது ஐம்பத்து மூன்று. மனைவி காலமாகிவிட்டார். செயற்கை மூட்டுகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எடை போடுவது என் பொறுப்பு என்பதால் அங்கே எல்லோரும் என்னைத் தராசு என்பார்கள். யாரும் கூப்பிடாமல் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து கீழ்க்கண்டவற்றைச் சொல்கிறேன்.

எங்கள் சோதனை இயந்திரத்தில் ஆறு செயற்கை முட்டிகள் பூட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் நாங்கள் ஒரு கால் என்போம். மனிதர் நடப்பது போலவே அவை நொடிக்கு ஓர் அடி வீதம் மடங்கி நிமிரும். மேலிருந்து உடம்பின் பாரம் அழுத்தும். ஐந்து லட்சம் அடிக்கு ஒருமுறை நிறுத்தி, உலோகங்களுக்கு நடுவே உள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி, கழுவி, உலர்த்தி, எடை போட்டு, எவ்வளவு தேய்ந்தது என்று பதிவேட்டில் எழுதுவேன். தட்டுகள் திரவத்தை உறிஞ்சிக் கொஞ்சம் கனக்கும் என்பதால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நடக்காமல் சும்மா ஊறும் ஏழாவது தட்டு ஒன்றும் உண்டு. வேலை எதுவும் செய்யாமல் எடை மட்டும் ஏறுவதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர்.

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, நடையைப் பதிவு செய்யும் கேமராக்கள் புதிதாக வந்தபோது, சரிபார்க்க யாராவது நடக்க வேண்டும் என்று மேலாளர் கேட்டதால் என் மனைவியை அழைத்துப் போனேன். அவள் காலில் சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகளை ஒட்டி, தரையில் பதித்த தகட்டின் மீது வெறுங்காலோடு நடக்கச் சொன்னார்கள். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று அவள் கூச்சப்பட்டு, "நீங்களும் கூட வாங்க, இல்லேன்னா நான் நடக்க மாட்டேன்" என்று சொன்னதால், தகட்டை ஒட்டிப் போட்டிருந்த கோட்டுக்கு வெளியே நானும் நடந்தேன். நாற்பது நொடி பதிவானது. அதன் பிறகு இருவருமே அதை மறந்துவிட்டோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவள் பதினோரு நாள் காய்ச்சலில் இறந்துவிட்டாள். வீட்டில் படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நிற்கிறாள், அல்லது உட்கார்ந்திருக்கிறாள். சில மாதங்களுக்கு முன்பு ஆய்வகக் கணினியில் பழைய கோப்புகளை ஒழித்துக்கொண்டிருந்தபோது அந்த நாற்பது நொடி கண்ணில் பட்டது. அதில் முகம் கிடையாது. பாரமும் கோணமும் ஏறி இறங்கும் கோடுகள்தான். புதிய சோதனை தொடங்குவதற்கு முன் இயந்திரத்தை வெறுமனே ஓட்டிப் பார்க்கும் நாளில், நாலாம் காலில் வழக்கமான நடையை எடுத்துவிட்டு அவளுடைய நடையைப் போட்டேன். மற்ற ஐந்தும் ஒரே சீராக அடிக்க, நாலாவது மட்டும் ஒரு சின்னத் தயக்கத்தோடு அடித்தது. சமையலறையிலிருந்து கையில் இரண்டு டம்ளரோடு வரும்போது அவள் அப்படித்தான் வருவாள். இயந்திர மூடியின் மேல் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றேன்.

மறுநாள் மாற்றிவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் சோதனை தொடங்கிவிட்டது. முதல் எடை வரை இருக்கட்டும் என்று விட்டேன், அதன் பிறகு இரண்டாவது எடை வரை என்று விட்டேன். பதிவேட்டில் ஆறு கால்களுக்கும் வழக்கமான நடை என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய். தினமும் நாலாம் காலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். அது குற்றமா என்று தெரியவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

எது எவ்வளவு தேயும் என்று கணினியில் முன்கூட்டியே கணக்கிடுபவர் ஓர் இளம் பொறியாளர், பெண். அவருடைய கணக்கு ஐந்து கால்களுக்குப் பொருந்தியது. நாலாவது மட்டும் இரண்டு மடங்கு தேய்ந்திருந்தது. இரண்டு மாதம் அவர் மண்டையை உடைத்துக்கொண்டார். கணக்கே தப்பு என்று மேலாளர் முடிவு செய்து, மாதக் கடைசியில் அவரை நிறுத்தப்போவதாகச் சொன்னார். அதைக் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வெட்கம் இதில்தான்.

நேற்று முன்தினம் காலையில் அவர் நாலாம் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அண்ணா, என் கணக்கைத் தலைகீழாப் போட்டுப் பாத்தேன். தேய்ஞ்ச தழும்புலேர்ந்து நடைக்குப் போனேன். இது மெஷினுக்குக் குடுக்கற நடையே இல்ல, யாரோ ஒரு ஆளோட நடை. சின்னச் சின்ன அடி, அநேகமா ஒரு அம்மா. எல்லாருக்கும் உள்பக்கம்தான் தேயும், இது இடது முட்டி, இவங்களுக்கு வெளிப்பக்கம் தேய்ஞ்சிருக்கு. இடது பக்கமா சாய்ஞ்சு சாய்ஞ்சு நடக்கறாங்க. யாருண்ணா இவங்க?" என்று கேட்டார். மூன்று ஆண்டுகளில் என் மனைவியைப் பற்றி யாரும் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

அதன் பிறகு இருவரும் மேலாளரிடம் போனோம். அவர் கதவைச் சாத்திவிட்டு, "போனது போகட்டும். அந்த ஃபைலை அழிச்சிடுங்க, நாலாவதை ரிப்போர்ட்லேர்ந்து தூக்கிடுங்க. உங்க வேலையும் போகாது, அந்தப் பொண்ணு வேலையும் போகாது" என்றார். நல்ல மனிதர்தான். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். கை அழிக்கும் பொத்தான் வரை போனது, அழுத்த வரவில்லை. அதன் பிறகு கணினியிலிருந்து அந்தப் பதிவு உள்ள வட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இன்று காலை இங்கே வந்தேன்.

நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டிருக்கலாமே என்று அதிகாரி கேட்டார். வீட்டில் அது வெறும் கோடு. அந்த இயந்திரத்தில் போட்டால்தான் நடை. வழக்கு என்று பதிவாகிவிட்டால் வட்டையும் நாலாம் காலையும் யாரும் தொட முடியாது. விசாரணையின்போது நீதிபதி முன்னால் ஒரு முறையாவது ஓட்டிக் காட்டத்தான் வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவன் என்ற முறையில் நானும் அப்போது பக்கத்தில் இருப்பேன். அதற்காகத்தான் வந்தேன். வழக்கு எத்தனை ஆண்டு இழுத்தாலும் எனக்கு அவசரம் இல்லை.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஒரே ஓர் இடத்தில் திருத்தம் சொன்னேன். என் மனைவியைப் பற்றி, இடது பக்கம் சாய்ந்து நடக்கும் குறைபாடு உடையவர் என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன். அவளுக்குக் குறை எதுவும் கிடையாது. அன்று அவளுக்கு இடது பக்கத்தில் நான் நடந்துகொண்டிருந்தேன். மற்றதெல்லாம் நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)