பாத்துப் போ தாயி

— ஏத்தா, மெதுவா! கொதிக்கக் கொதிக்க டீய ஒரே மடக்குல ஊத்திக்கிட்ட. நாக்கு வெந்துறாது?

— தெரியலண்ணே.

— என்ன தெரியல?

— சூடு தெரியல. போன வாரத்துல இருந்தே இப்பிடித்தேன். மெஸ்ஸுல தட்டுல ஊத்துறது சாம்பாரா ரசமான்னு கண்ணால பாத்துத்தேன் தெரிஞ்சுக்கிறேன்.

— பயந்த கோளாறு அது. ஊருக்குப் போயி ஆத்தா கையால நாலு நாள் தின்னேன்னு வையி, எல்லாம் சரியாப் போயிரும். என்ன நாஞ்சொல்றது? பேரையூர்ல இருந்து ஒங்கய்யா கெளம்பிட்டாரா?

— திருமங்கலத்துல பஸ்ஸு மாறிட்டேன்னு போன் போட்டாரு.

— அப்ப வந்துருவாரு. எதுக்கு வெய்யில்ல ஒக்காந்துக்கிட்டு? செக்யூரிட்டி ரூமுக்குள்ள வா தாயி, ஃபேன் ஓடுது.

— வேணாண்ணே. இங்கனயே இருக்கேன். ரோடு தெரியுது.

— இந்த ஆண்டிச்சாமி அண்ணே ரூமுக்குள்ள வாரதுக்கு ஒனக்கு என்ன புதுசா ரோசன? ரெண்டு வருசமா மழ வந்தா இங்கதான ஒதுங்குவ.

— ஆமாண்ணே. ஒதுங்கிருக்கேன்.

— மீனா! ஏய் முத்துமீனா! இங்கயா ஒக்காந்திருக்க? ஹாஸ்டல் பூராம் தேடிட்டு வாரேன்டி. இந்தா புடி, வார்டன் குடுத்துவிட்டாங்க.

— என்ன முபீனா இது?

— விசிலு. பொம்பளப் புள்ளைக அம்புட்டுப் பேருக்கும் ஆளுக்கொண்ணு. எவனும் வந்தான்னா ஊதணுமாம். அல்லாவே, வாயப் பொத்துறவென் நம்ம ஊதி முடிக்கிற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நிப்பானாக்கும்! ...அய்யோ, மன்னிச்சுக்க மீனா. ஒன்னய வச்சுக்கிட்டு என்ன பேசுறேன் பாரு.

— பரவால்ல. எனக்கு ஒண்ணும் ஆகல.

— ஆறு மணிக்கெல்லாம் கேட்டப் பூட்டிர்றாங்க. அவென் வெளியில சுத்துறான், நாங்க உள்ள கெடக்குறோம். செல்லூர்ல இருந்து எங்க அத்தா தெனமும் போன் போட்டு, படிச்சது போதும் வீட்டுக்கு வந்து சேருங்குறாரு. நான் முடியாதுன்னுட்டேன். நீ என்னடான்னா பெட்டியத் தூக்கிட்டு வந்து ஒக்காந்துருக்க.

— ம்.

— ம்முன்னா? இன்னைக்கி காலேஜு விசாரணைக் கமிட்டி கூடுது. இன்னைக்கும் ஆளச் சொல்லலேன்னா, யாருன்னே தெரியாதுன்னு எழுதி ஃபைல மூடிருவாங்களாம். கமிட்டி மேடமே வருத்தப்பட்டுச் சொன்னாங்க. ஏதாச்சும் ஒரு அடையாளம் சொல்லுடி.

— சொல்றேன். மேடத்த இங்க கேட்டுக்குக் கூட்டிட்டு வாரியா? என்னால அம்புட்டுத் தூரம் நடக்க முடியாது. காலு என்னோடது மாதிரியே இல்ல.

— நெசமாவா சொல்லப் போற? இரு, இந்தா ஓடிப்போயி கூட்டியாரேன். எங்கிட்டும் போயிராத!

— பாத்துப் போ தாயி, கல்லு கெடக்கு!

— எங்கண்ணே கல்லு? பைப்புக்குத் தோண்டிப் போட்ட கல்ல அள்ளி வருசமாச்சு. இன்னமும் போற வார புள்ளைககிட்டயெல்லாம் கல்லு கெடக்கு, கல்லு கெடக்குன்னுக்கிட்டு இருக்கீங்க.

— வாய் பழகிப்போச்சு தாயி. போ, போ... நல்லா பேசுறா ஒன் கூட்டாளி. ஆமா, மேடத்த எதுக்கு இங்கிட்டு வரச் சொல்ற? அய்யா வந்ததும் பஸ் ஏறப் போற புள்ள.

— கேக்குறாங்கள்லண்ணே. பதில் சொல்லணும்ல.

— என்னத்தச் சொல்லப் போற? மொகத்தப் பாத்தியா நீயி?

— இல்லண்ணே. பின்னாடி இருந்து வந்தாரு. லைப்ரரிக்குப் பின்னால, கட்டடம் இடிச்சுக் கொட்டிருக்காங்கள்ல, அங்கன. அப்பத்தேன் கரண்டு போச்சு.

— வந்தாரா? என்ன தாயி, அந்த நாசமாப் போறவனுக்குப் போயி மரியாத குடுத்துப் பேசுற?

— மேடமும் கேட்டாங்க. அவென் இவென்னு சொல்ல வாய் வரமாட்டேங்குதுண்ணே.

— படிச்ச புள்ளைகளே இப்பிடித்தேன். ரொம்ப அடக்கம்.

— அடக்கமெல்லாம் இல்லண்ணே. இன்னொண்ணும் கேட்டாங்க. நீ என்னம்மா சொல்லிக் கத்துனேன்னாங்க. அண்ணே, விட்டுருங்கண்ணேன்னு கத்துனேன்னேன். அப்பத் தெரிஞ்ச ஆளான்னு கேட்டாங்க.

— தெரிஞ்ச ஆளா? நீ என்ன சொன்ன?

— நான் எல்லாரையும் அண்ணேன்னுதான் கூப்புடுவேன்னு சொன்னேன். எங்காத்தா சொல்லி அனுப்புனது. மொத மொதல்ல காலேஜுக்குப் பஸ் ஏத்திவிடுறப்ப, எவனா இருந்தாலும் அண்ணேன்னு கூப்புடுடி, கூடப் பொறந்தவ நெனப்பு வந்துரும், ஒண்ணும் செய்யமாட்டாய்ங்கன்னுச்சு. பஸ்ஸுல கண்டக்டர், மெஸ்ஸுல மாஸ்டர், ஜெராக்ஸ் கடைக்காரரு, நீங்க, எல்லாருமே எனக்கு அண்ணேதேன்.

— நல்ல பழக்கந்தான தாயி. ஒங்காத்தா வெவரமான பொம்பள.

— அன்னைக்கி அது வேல செய்யலண்ணே.

— ம்... நாஞ்சொல்றேன் கேளு. ரோட்டுல போற எவனோ செவரேறிக் குதிச்சு வந்திருப்பான். கட்டட வேலைக்கு வந்து கெடக்குறாய்ங்கள்ல வடக்கத்திப் பயலுக, அவிங்கள்ல ஒருத்தனாத்தேன் இருக்கும்.

— தமிழ்தாண்ணே பேசுனாரு.

— பேசுனானா? அவென் ஒண்ணுமே பேசலேன்னுதான நீ அன்னைக்கிச் சொன்னதா வார்டன் சொல்லுச்சு?

— அன்னைக்கி எனக்கு எதுவுமே ஞாபகத்துல இல்ல. போன் எங்க விழுந்துச்சுன்னுகூடத் தெரியல. மறுநா காலைல நீங்கதான எடுத்துக் குடுத்தீங்க.

— ஆமா, ரவுண்ட்ஸ் போனப்பக் கெடந்துச்சு. சரி அத விடு. இந்தா பாரு, ஒன் தலையெழுத்து நல்லா இருந்ததாலதான ஒண்ணும் ஆகாமத் தப்பிச்ச. அதோட போகட்டும்னு விடணும். கமிட்டி, போலீஸுன்னு போனா பேரு ஊரு பூராம் நாறும். நாளைக்கு ஒனக்கு மாப்ள பாக்க வேணாமா? ஒங்கய்யா நாலு பேரு மொகத்துல முழிக்க வேணாமா? என்ன நாஞ்சொல்றது?

— எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குதுண்ணே. கோவம் வரல. அழுக வரல. ராத்திரி பூராம் முபீனா எனக்காக அழுகுறா, நான் அவளுக்குத் தண்ணி எடுத்துக் குடுக்குறேன். இப்பிடியே மரக்கட்டையாப் போயிருவேனோன்னு நெனச்சா, அந்த நெனப்புக்குக்கூடப் பயம் வரல.

— அதுக்குத்தேன் சொல்றேன், ஊருக்குப் போன்னு. மறந்துரும்.

— மறக்குறதுக்கு மொதல்ல அது எனக்குள்ள வரணும்ல. இன்னும் வாசல்லயே நிக்குது.

— என்னமோ பேசுற போ... அந்தா, அங்க தெரியுறது பேரையூரு பக்கத்து ஆளு நட மாதிரி இருக்கு. அய்யாவா?

— இல்லண்ணே. அய்யா வேட்டிய மடிச்சுக் கட்டமாட்டாரு.

— எதுக்கும் வா, ரோட்டுக்குப் போயி நின்னுக்கிருவோம். எதுத்தாப்புல வார பஸ்ஸுல அப்பிடியே ஏறிரலாம். அய்யாவ அலைய விட வேணாம். பெட்டியக் குடு, நான் தூக்கியாரேன்... என்ன தாயி, பெட்டி காத்தா இருக்கு?

— அதுக்குள்ள ஒண்ணும் வைக்கலண்ணே.

— வைக்கலயா? துணிமணியெல்லாம்?

— ரூமுலதான் இருக்கு.

— அப்ப நீ ஊருக்குப் போகல?

— போகல. அய்யா என்னயக் கூட்டிட்டுப் போக வரலண்ணே. கமிட்டியில கூட நிக்கத்தேன் வாராரு. காட்டு வேலைய விட்டுட்டு வாராரு.

— பெறகு எதுக்கு இந்த வெறும் பெட்டி?

— இங்க ஒக்காரணும்ல. சும்மா வந்து ஒக்காந்தா ஏன் ஒக்காந்திருக்கேன்னு கேப்பீங்க.

— எனக்கு ஒண்ணும் வெளங்கல. எதுக்கு இங்க ஒக்காரணும் நீயி?

— பேசுனாருன்னு சொன்னேன்லண்ணே. அது மேடத்துக்கிட்ட இன்னும் சொல்லல. முபீனாகிட்டக்கூடச் சொல்லல.

— என்ன சொன்னான்?

— அங்கிட்டுப் பசங்க வண்டி வார சத்தம் கேட்டுச்சு. விட்டுட்டாரு. நான் இருட்டுல ஓடுனேன். அப்பப் பின்னாலருந்து ஒண்ணு சொன்னாரு.

— வெளிய சொன்னா கொன்னுபுடுவேன்னா?

— இல்லண்ணே. அக்கறையாத்தேன் சொன்னாரு.

— அக்கறையா?

— ஆமா. சாதாரண வார்த்தைதேன். நெதமும் கேக்குற வார்த்த. அதாலதேன் நம்பவே முடியல. நெசமாவே காதுல விழுந்துச்சா, இல்ல நெதமும் கேட்டுக் கேட்டு நானா நெனச்சுக்கிட்டேனான்னு ஒரே கொழப்பம். ஒருத்தரு பொழப்பு இது. அவருக்கும் புள்ள குட்டி இருக்கும். பொய்யாச் சொல்லிறக் கூடாதுல. அந்தக் கொரலுல இன்னொரு தடவ கேட்டுட்டுச் சொல்லுவோம்னுதேன் காலைல இருந்து இங்க ஒக்காந்திருக்கேன்.

— ...இந்தக் கேட்டுல எவென் வந்து ஒனக்குச் சொல்லப் போறான்?

— கேட்டுட்டேண்ணே.

— எப்ப?

— இப்பத்தேன், கொஞ்ச முன்னால. அந்தா, முபீனா மேடத்தக் கூட்டிட்டு வாரா. கூட வார்டனும் வாராங்க.

— ஏத்தா, வெளையாடாத. கெறங்கிப் போயிக் கெடக்க, என்னத்தையாவது ஒளறி வைக்காத. அப்பிடி என்னதேன் சொன்னாரு ஒன் மரியாதக்கார மனுசரு?

— ‘பாத்துப் போ தாயி, கல்லு கெடக்கு’ன்னு சொன்னீங்கண்ணே.