எட்டாவது புள்ளி

அந்த ஒரு புள்ளியைத் திருப்பிப் போடுங்கள் என்றுதான் முதலில் கேட்டேன்.

எதை வேண்டுமானாலும் பேசு, அதை மட்டும் கேட்டுவிடாதே என்று எங்கள் கிளப்பின் வக்கீல் காரில் வரும்போதே சொல்லியிருந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே கேட்பதென்று முடிவு செய்துவிட்டேன். விசாரணைக்கு லீக் அமர்த்தியிருந்த லாவலே அம்மையார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஓய்வு பெற்ற நீதிபதி. சாஸ்கடூன் ஆஸ்பத்திரியில் கிடக்கும் எங்கள் ஆட்டக்காரன் கேலம் தோர்சனைப் பற்றி நான் முதலில் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

"உக்காரும்மா," என்றார். "எனக்கு ஹாக்கிதான் தெரியும். ஃபுட்பால் அரைகுறை. ஒரு புள்ளிக்கு என்ன அவ்வளவு?"

சொன்னேன். கோபப்படாமல்தான் சொன்னேன். டரினா மெல்னிக் என்றாலே கெல்வர்ட்டில் கோபக்காரி என்று பெயர். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. கணக்கு புரியாதவர்களுக்குக் கணக்கை விளக்கும்போது எனக்கு எப்போதுமே கோபம் வராது.

பத்து ஆட்டம் கொண்ட சீசனில் ஆறு முடிந்திருக்கிறது. எங்கள் கெல்வர்ட்டும் ஸ்டோன்வெல்லும் நான்கு ஜெயித்து இரண்டு தோற்று முதலிடத்தில் சமமாக நிற்கின்றன. கடைசியிலும் சமமாகவே முடிந்தால், இரண்டு அணிகளும் தங்களுக்குள் மோதிய இரண்டு ஆட்டங்களின் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். ஆகஸ்டில் அவர்கள் ஊரில் ஏழு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். போன சனிக்கிழமை எங்கள் ஊரில் ஜெயித்தோம். ஏழில் ஜெயித்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். எட்டில் ஜெயித்தோம். அந்த எட்டாவது புள்ளி இருந்தால் முதலிடம் எங்களுக்கு. முதலிடம் என்றால் இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில். நான் பிறந்ததிலிருந்து கெல்வர்ட்டில் ஒரு இறுதி ஆட்டம் நடந்ததில்லை.

திங்கட்கிழமை லீக் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டது.

"நடுவர்கிட்ட பேசற கிளப்போட ரேடியோ வேலை செய்யல. அதனால எடுத்தாங்க," என்றார் அம்மையார். "உங்க மேனேஜர் பென்னரே எழுதிக் கொடுத்திருக்காரு."

"ரேடியோ நல்லா இருந்துச்சு," என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார்.

நான் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். என் அப்பா கறி ஆலையில் எலும்பு பிரிக்கிறவர். அம்மா பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கிறவள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் புள்ளியியலில். அணியின் பயிற்சியாளர்கள் எல்லோரும் டிராக்டர் ஏஜென்சிக்காரர்கள், அவர்களுடைய மைத்துனர்கள். இரண்டு வருடம் சம்பளமில்லாமல் அவர்களுக்குப் புள்ளிவிவரம் எடுத்துக் கொடுத்தேன். தலைமைப் பயிற்சியாளர் ராம்சி எனக்கு வைத்த பெயர் கால்குலேட்டர்.

"கால்குலேட்டர், என் காபிக்கு எத்தனை சர்க்கரைன்னு கணக்கு போட்டுச் சொல்லு."

எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டு என்று சொல்லிப் போட்டுக் கொடுப்பேன்.

எங்கள் கனடிய ஃபுட்பாலில் பந்தைக் கையில் ஏந்திப் பத்து கெஜம் முன்னே கொண்டுபோக மூன்றே வாய்ப்பு. மூன்றாவது வாய்ப்பில் பயந்து உதைத்து எதிரியிடம் கொடுத்துவிடுகிறீர்கள், கொஞ்ச தூரம்தான் பாக்கி என்றால் உதைக்காமல் ஓடுங்கள் என்று இந்த வருடம் எண்களை வைத்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே ஒருமுறை ஓடிப் பார்த்தார்கள். அப்புறம் சிரிக்கவில்லை. அடுத்தடுத்து மூன்று ஆட்டம் ஜெயித்தோம். அப்போதுதான் ஹெட்செட் கேட்டேன். மாடிக் கூண்டில் உட்கார்ந்து ராம்சியிடம் நேரடியாகப் பேச வேண்டும் என்றேன்.

"தர்றேன். ஆனா கூடவே ஒரு வேலையும் வரும்," என்றார் ராம்சி. "கண்காணிப்பாளர். ஊர்ல ஒருத்தனும் ஒத்துக்க மாட்டேங்கறான்."

ஏன் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றால், அது எல்லோரிடமும் திட்டு வாங்குகிற வேலை. மேலேயிருந்து பார்க்க வேண்டும். தலையில் அடிபட்டு எவனாவது தடுமாறினால் ரேடியோவில் நடுவரிடம் அவன் எண்ணைச் சொல்ல வேண்டும். ஆட்டத்தை நிறுத்துவார்கள். அவன் வெளியே போய்விடுவான். மருத்துவர் சரி என்றாலும், மூன்று வாய்ப்பு கழியாமல் உள்ளே வர முடியாது.

நான் அந்த வேலையைச் சரியாகச் செய்தேன். சந்தேகம் இருந்தால் யாரையும் கேளுங்கள் என்றேன் அம்மையாரிடம். இந்த சீசனில் நான்கு பேரை வெளியே அனுப்பியிருக்கிறேன். அதில் ஒருவன் ராம்சியின் அக்கா மகன். அன்று மைதானத்தைச் சுற்றி நிறுத்தியிருந்த பிக்கப் வண்டிகளிலிருந்து என்னைப் பார்த்துக் கத்தியதையெல்லாம் நீதிபதி முன்னால் சொல்ல முடியாது. என் கண்ணுக்கு எதுவும் தப்பியதில்லை.

"கேலமுக்கு உன்னைத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும். கேலமுக்குப் பத்தொன்பது வயது. பந்தை உதைத்ததும் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் எதிரியின் ஆளை அமுக்குகிறவன் அவன்தான். மற்ற நேரத்தில் பந்து பிடிப்பான், வழிமறிப்பான். செப்டம்பரில் சர்ச் கூடத்தில் அறுவடை விருந்து நடந்தது. தட்டு நிறைய வான்கோழிக் கறியும் முட்டைக்கோஸ் சுருளுமாக என் எதிரில் வந்து உட்கார்ந்தான். என்னைக் கால்குலேட்டர் என்று கூப்பிடாத ஒரே ஆட்டக்காரன்.

"பாஸ், ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"நான் எப்ப சிரிச்சேன்?"

"அதுவும் சரிதான்." வாயில் இருந்ததை விழுங்கினான். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நானா வெளிய வர முடியாது. எங்கப்பா வண்டியில உக்காந்து பாத்துட்டிருப்பாரு. நானா வந்தா ஊர்ல கிறிஸ்துமஸ் வரைக்கும் அதே பேச்சு. நீ கூப்பிட்டா நீ கூப்பிட்டதா ஆயிடும். திட்டு உனக்குத்தான் விழும். உனக்குத்தான் பழக்கமாச்சே."

"நல்லாருக்குடா நியாயம்."

"மேல உன்னைப் பாத்து ஹெல்மெட்டைத் தட்டுறேன். உடனே என் நம்பரைச் சொல்லிடு."

"எல்லாரும்தான் ஹெல்மெட்டைத் தட்டுறாங்க. பட்டை தளர்ந்தாக்கூடத் தட்டுறாங்க. ரெண்டு தடவை தட்டு. ரெண்டுன்னா எனக்குன்னு வச்சுக்கறேன்."

"ரெண்டு," என்று சிரித்தான். "உனக்கு எதுக்கெடுத்தாலும் எண்ணணும், பாஸ்."

என் தட்டிலிருந்த ஒரு சுருளையும் எடுத்துக்கொண்டு போனான்.

இதை லாவலே அம்மையாரிடம் சொன்னபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். தொடரட்டுமா என்று கேட்டேன். தலையசைத்தார்.

சனிக்கிழமை, கடைசி நிமிடம். பந்து எங்களிடம். ஏழு புள்ளி முன்னால் இருக்கிறோம். முதல் வாய்ப்பில் வழிமறிக்கப் போன கேலமின் தலையில் ஸ்டோன்வெல் ஆள் ஒருவனின் தோள் இடித்தது. விழுந்தான். யாரும் கவனிப்பதற்குள் எழுந்தும் விட்டான். எழுந்தவன் எதிரணி வரிசையை நோக்கி நடந்தான். நடுவில் நின்று திரும்பி மாடிக் கூண்டைப் பார்த்தான். ஹெல்மெட்டைத் தட்டினான். ஒரு தடவை.

அப்போது நான் என்ன யோசித்தேன் என்று அம்மையார் கேட்டார். யோசிக்கவில்லை, எண்ணினேன் என்றேன். நான் அவன் எண்ணைச் சொன்னால் மூன்று வாய்ப்புக்கு அவன் கிடையாது. மூன்றாவது வாய்ப்பில்தான் நாங்கள் உதைக்கப் போகிறோம். உதைத்த பந்தை அவர்கள் ஆள் தங்கள் கோல் கோட்டுக்குப் பின்னால் பிடித்து, அங்கேயே அவனை அமுக்கிவிட்டால் எங்களுக்கு ஒரு புள்ளி. வெளியே ஓடிவந்துவிட்டால் ஒன்றுமில்லை. அந்த தூரத்தை அந்த நேரத்தில் ஓடக் கூடியவன் எங்கள் அணியில் ஒருவன்தான்.

இரண்டாவது வாய்ப்பில் எல்லோரும் ஓட, கேலம் நின்ற இடத்திலேயே நின்றான். அதையும் பார்த்தேன்.

ஹெட்செட்டில் ராம்சி வந்தார்.

"ஜெயிச்சாச்சு, கால்குலேட்டர். பந்தை வச்சுக்கிட்டுக் கீழ உக்காந்துடலாமா? நேரம் ஓடிடும்."

"உதைங்க. உள்ளயே அமுக்கினா எட்டு."

"எட்டுதான்," என்றார். குரலில் ஆசை தெரிந்தது. பிறகு, "கேலம் நல்லாருக்கானா? ஒரு மாதிரி தெரியறானே?"

என்னிடம் அவர் உண்மையாகவே ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சர்க்கரைக் கேள்வி மாதிரி இல்லை.

"நல்லாருக்கான்," என்றேன்.

உதைத்தார்கள். கேலம் ஓடினான். அவ்வளவு நேராக அவன் ஓடி நான் பார்த்ததில்லை. எதிரியின் ஆள் பந்தைத் தொடும்வரை ஐந்து கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது எங்கள் விதி. எந்தப் பக்கம் தன் அணி என்று தெரியாமல் நடந்தவன் அந்த ஐந்து கெஜத்தை மறக்கவில்லை. நின்றான், காத்திருந்தான், பந்து கையில் பட்டதும் தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தான். இரண்டு பேரும் கோட்டுக்குப் பின்னால் விழுந்தார்கள். விசில். ஒரு புள்ளி. பிக்கப் வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. கேலமின் அப்பாவும் அடித்தார்.

கேலம் எழுந்திருக்கவில்லை. நான் முதலில் என் புள்ளிப் பட்டியலில் எங்கள் அணியின் பெயரை மேலே ஏற்றினேன். அப்புறம் ரேடியோவை எடுத்தேன்.

இப்போது அவன் கரண்டியைக் காட்டினால் கதவு என்கிறான். இடது கை அசையவில்லை. பேக்கரியில் வேலை பார்க்கும் அவன் அம்மா மார்லீனை சிஸ்டர் என்று கூப்பிட்டு, எங்கம்மா எப்ப வருவாங்க என்று கேட்கிறானாம்.

ஞாயிற்றுக்கிழமை பென்னர் வீட்டுக்கு வந்தார். அம்மா போட்டுக் கொடுத்த காபியைத் தொடவில்லை. "ரேடியோ பேட்டரி போயிடுச்சுன்னு சொல்லிடும்மா. உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது," என்றார். நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். ரேடியோ கெட்டது என்றால் அது கிளப்பின் குறை, அந்த வாய்ப்பில் எடுத்த புள்ளி போய்விடும். கண்காணிப்பாளர் பார்த்தும் சொல்லாமல் இருந்தால் அது அந்த ஆளின் குற்றம், புள்ளி அப்படியே நிற்கும். விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் படித்தவள் கெல்வர்ட்டில் நான் ஒருத்திதான்.

"அப்ப இதையெல்லாம் நீ சொல்றது அந்தப் புள்ளிக்காகவா?" என்றார் அம்மையார்.

"கேலமுக்காக," என்றேன். "அந்தப் புள்ளி அவனோடது. அதையும் எடுத்துட்டா அவன் எதுக்கு ஓடினான்? அவனுக்குன்னு வேற என்ன மிச்சம் இருக்கு?"

அவர் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். என் பேச்சில் எங்கே தப்பு என்று தேடுகிறார் என்று நினைத்தேன். தப்பு இல்லை.

"பாத்தேன், தெரிஞ்சே சொல்லல. அப்படி எழுதட்டுமா?"

"எழுதுங்க."

"இதுல கையெழுத்துப் போட்டா இனி எந்த மைதானத்துலயும் உன்னைச் சேக்க மாட்டாங்க. போலீசுக்கும் போகும்."

"தெரியும். புள்ளி?"

பதில் சொல்வதற்கு முன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "விதிப்படி திரும்பிடும்," என்றார். அதன்பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தேன். வெளியே நடைபாதை பெஞ்சில் மார்லீன் உட்கார்ந்திருந்தாள். அடுத்து அவளை விசாரிக்க வேண்டும். கேலமின் குளிர் கோட்டை மடித்து மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரேடியோ கெட்டுப்போச்சுன்னு பென்னர் சொன்னாரு. உன்மேல எனக்கு வருத்தமே இல்ல, டரினா. உன்னைப் பத்தி வீட்ல பேசுவான். மேல பாஸ் இருக்கா, எனக்கென்ன பயம்பான்." கையை விடவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லு. உன்னைக் கூப்பிட்டானா அவன்?"

"ரெண்டு தடவை தட்டணும்னு பேசி வச்சிருந்தோம்," என்றேன். "ஒரு தடவைதான் தட்டினான்."

அவளுக்குப் புரியவில்லை. உள்ளே போனால் அம்மையார் சொல்லிக்கொள்வார். கையை உருவிக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே வந்தேன். வக்கீல் கார் பக்கத்தில் நின்று கையாட்டினார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தேன்.

மார்லீனிடம் நான் பொய் சொல்லவில்லை. ஒரு தடவைதான் தட்டினான். அதற்கப்புறமும் கையைத் தூக்கினான். கை காதுக்குப் பக்கத்தில் தலையைத் தேடிக்கொண்டிருந்தது, திரும்பத் திரும்ப, என்னைப் பார்த்தபடியே. ஒரு தடவைகூட ஹெல்மெட்டில் படவில்லை.

படாததை நான் எண்ணுவதில்லை.